உங்கள் வேதவல்லிக்கு

இன்னும் கூப்பிடவில்லை. எனக்கு முன்னால் முயலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வந்தபாடில்லை. முயலைப் பற்றி அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கும். மடியில் கூடை இருக்கிறது, கனம் தெரியவில்லை. வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேனோ என்று மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இருக்கிறது. துண்டின் மேல் மோவாயை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பூனை இருக்கிறது. வாயிலிருந்து அந்த வாடை வருகிறது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டியதைத் தள்ளாமல் விட்டால் ரத்தத்தில் தங்கி மூச்சில் இப்படி வரும் என்று டாக்டர் ஷர்மிளா சொன்னார். மூடியை மூடுகிறேன். இந்தக் கூடை பூனைக்கென்று வாங்கியதில்லை. பூனைக்கான கூண்டு அதோ கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, விலையும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் பரணிலிருந்து இதை இறக்கினேன். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை. வேதவல்லியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த நாளெல்லாம் இதில்தான் பிளாஸ்க், டம்ளர், அவளுடைய சீப்பு, மாற்று நைட்டி. எக்ஸ்ரே உறை வளைந்துவிடாமல் ஓரமாகச் செருகியிருக்கும். இதே போல மடியில் வைத்துக்கொண்டு, இதே போலக் கூப்பிடுவார்களா கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருப்பேன். அவள் போன பிறகு கூடையைக் கழுவிக் கவிழ்த்தேன். இப்போது மறுபடி மடிக்கு வந்துவிட்டது. போன தடவை டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "டிரிப்ஸ் போட்டா ரெண்டு நாள் தெம்பா இருக்கும் அங்கிள். அப்புறம் மறுபடி இதேதான். அதுக்கு வலிக்குது. யோசிச்சிட்டு வாங்க. அடுத்த தடவை வரப்போ சொல்லுங்க, வலி தெரியாம ஒரேயடியாத் தூங்க வச்சிடலாம்." அடுத்த தடவை என்பது இன்று. டிரிப்ஸ் என்று சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லலாம். பஸ்ஸில் வரும்போது இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். டிரிப்ஸ் என்பது சுலபமாக வந்தது.

"பூனையா அங்கிள்?" பக்கத்து நாற்காலி. நைட்டியின் மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிற பெண், காலடியில் பொசுபொசுவென்று ஒரு வெள்ளை நாய். அது கூடையை முகர்ந்துவிட்டு உறுமுகிறது. "ஜில்லு, அடங்கு. அது உன்னை மாதிரி தண்டச்சோறு இல்ல, நெஜமாவே உடம்பு சரியில்லாதது." நான் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது, உதட்டை இழுக்கிறேன். அவள் நிறுத்துவதாக இல்லை. "இவனுக்குப் பல்லு கிளீன் பண்ணணுமாம். எவ்ளோன்னு கேட்டா உங்களுக்கு மயக்கம் வரும். எங்க வீட்டுக்காரரு கடவாப்பல்லு ரெண்டு போயி வருஷமாச்சு, ஒரு பக்கமாவே மென்னுட்டு இருக்காரு. அவருக்குப் பல்லு கட்டப் பணம் இல்ல. நேத்து சொல்றாரு, என்னையும் அந்த டாக்டரம்மாகிட்டயே இட்டுனு போ, ஜில்லு அண்ணன்னு பேரு போட்டுக் கார்டு வாங்கிடுன்னு." இதற்கு நான் சிரித்தே விட்டேன். சிரிப்பு பாதியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கார்டு. பேரு போட்டுக் கார்டு. அவளுக்கு எதுவும் தெரியாது, சும்மா சொல்கிறாள். கவுண்ட்டரில் பெனிட்டா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் தெரியாது. "பேரு என்ன அங்கிள்?" "தணிகாசலம்." "ஐய, உங்க பேரக் கேக்கல. இதும் பேரு." கூடையைத் தட்டிக் காட்டுகிறாள். இதும் பேரு. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிடத்தான் போகிறார்கள், அப்போது தெரிந்துவிடும், அதற்குள் நானே வேறு ஏதாவது சொல்லிவைத்தால் பொய்யாகிவிடும். "பூனைன்னுதான் கூப்பிடறது" என்றேன். "பாவம்" என்றாள் அவள். பூனையையா என்னையா, தெரியவில்லை.

பூனைன்னுதான் கூப்பிடுவேன் என்பது பொய்யில்லை. பதினோரு வருஷம் அப்படித்தான். மின்வாரியத்தில் வீடு வீடாய் மீட்டர் பார்க்கப் போகிறவனுக்கு நாய் நாய்தான், பூனை பூனைதான். எந்த வீட்டில் எது கட்டியிருக்கும், எது கட்டாமல் இருக்கும் என்று தெரிந்தால் போதும், பேர் எதற்கு. பெரம்பூரில் ஒரு வீட்டில் மீட்டர் பெட்டிக்குக் கீழேயே ஒன்று படுத்திருக்கும், அதைத் தாண்டித்தான் டார்ச் அடித்துப் படிக்க வேண்டும், கெண்டைக்கால் மயிர் சிலிர்த்துக்கொண்டே படிப்பேன். அந்த வெறுப்பில் வீட்டுக்கு எதுவும் வரக்கூடாதென்று சொல்லி வைத்திருந்தேன். பின்பக்கம் தண்ணீர் மோட்டார் அறையில் ஏதோ ஒரு பூனை ஈன்றுவிட்டுப் போன குட்டியை வேதவல்லி உள்ளே கொண்டுவந்து டீ வடிகட்டும் துணியைப் பாலில் நனைத்து நக்க வைத்தாள். சாம்பல் நிறம், மூக்குக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டினது போலக் கறுப்பு வளையம். எங்கே உட்கார்ந்தாலும் முதுகை நிமிர்த்தி நம்மை முறைக்கும். "பாருங்களேன், எங்க நாலாங்கிளாஸ் டீச்சர் மாதிரியே பாக்குது. கணக்குத் தப்பாப் போட்டா அப்படித்தான் பாப்பாங்க." அன்றிலிருந்து டீச்சர். வெறும் டீச்சர் இல்லை, மரியாதையோடு. டீச்சர் சாப்பிட வாங்க. டீச்சர் நகருங்க, பெருக்கணும். டீச்சர் கோவமா இருக்காங்க, அவங்க தட்டை நீங்க ஏன் தள்ளி வச்சீங்க. நான் ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொன்னதில்லை. வயசானவன் ஒரு பூனையைப் போய் டீச்சர் வாங்க போங்க என்று கூப்பிடுவதா. கூச்சமாக இருந்தது. அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த பாஷை. அதற்குள் நான் நுழையவில்லை. நான் கூப்பிட்டதெல்லாம் ஒரு பேரைத்தான். வேதவல்லி. முழுசாகக் கூப்பிடுவேன், வேதா என்று சுருக்கத் தெரியாது. குளியலறையில் துண்டு இல்லையென்றால் வேதவல்லி. மூக்குக்கண்ணாடி காணோமென்றால் வேதவல்லி. தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவேன். "தெருவுக்கே கேக்குது" என்று கதவைத் திறப்பாள், பின்னாலேயே பூனையும் வந்து நிற்கும்.

மூன்று டாக்டரைப் பார்த்தாயிற்று. முதலில் நாகப்பன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஸ்கூட்டரில் வீட்டுக்கே வருவார். ஆடு, மாடு, நாய், கிளி எல்லாம் அவருக்குப் பாப்பாதான். கார்டு கிடையாது, ரசீது கிடையாது. கொடுத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், பூனை அவரைக் கடிக்கக்கூட இல்லை. "கிட்னி போயிடுச்சுங்க. வயசு ஆவுதில்ல. எங்க கொண்டு போனாலும் இதத்தான் சொல்லுவாங்க. செலவு பண்ணாதீங்க. கூட இருங்க, போதும்." கூட இருங்க. அந்த வார்த்தை பிடிக்கவில்லை எனக்கு. வேதவல்லியைப் பார்த்த நுரையீரல் டாக்டரும் கடைசியில் அதைத்தான் சொன்னார். அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். விடியக்காலையிலேயே வரிசை, கன்றுக்குட்டியோடு ஒருவர், கோழியைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஒரு அம்மா. அங்கே இருந்த இளம் டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், ஒரு பைசா வாங்கவில்லை. அவரும் நாகப்பன் சொன்னதையே இன்னும் விளக்கமாகச் சொன்னார். இரண்டு பேர் சொல்லியாயிற்று என்றால் அதோடு விட்டிருக்க வேண்டும். மூன்றாவதாக இங்கே வந்தேன். ஏன் இங்கே என்று மகன் புகழேந்தி போனில் கேட்டபோது சுத்தமாக இருக்கிறது, ஏசி இருக்கிறது, பூனை வியாதி தெரிந்த டாக்டர் என்று அடுக்கினேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் நாள் இங்கே வந்தது சும்மா கேட்டுப் பார்க்கத்தான். ஒரு தடவை காட்டிவிட்டு நாகப்பனிடமே திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். கவுண்ட்டரில் பெனிட்டா நிமிராமல் கேட்டாள். "பேஷண்ட் பேரு?" வாய் சொல்லிவிட்டது. அந்தக் கேள்விக்கு என் வாய்க்கு ஒரு பதில்தான் தெரியும். ஸ்கேன் எடுக்கிற இடத்தில், ரத்தம் கொடுக்கிற ஜன்னலில், மருந்துக் கடையில், ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுத்த கடையில், எத்தனை கவுண்ட்டர், எத்தனை தடவை. "வேதவல்லி." அவள் தட்டினாள். "வயசு?" "அறுபத்தி..." நின்றேன். அவள் நிமிர்ந்தாள். "பதினொண்ணு" என்றேன். "ஆணா பெண்ணா சார்?" "பெண்." "நல்ல பேரு சார். டைகர், சீசர்னே கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு." அங்கேயே சொல்லியிருக்கலாம், இல்லம்மா, தப்பாச் சொல்லிட்டேன் என்று. என் பின்னால் ஒருவர் மூச்சிரைக்கும் நாயோடு நின்றிருந்தார், வரிசையை நிறுத்த மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து ஒரு குரல், வேதவல்லி என்றது. வேதவல்லி இருக்காங்களா. அறை முழுக்கக் கேட்கும்படி. நான் எழுந்தேன். இருக்காங்க என்று சொன்னேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இருக்காங்க என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நாகப்பனிடம் போகவில்லை. அவரிடம் கார்டு கிடையாதே. இங்கே இருக்கிறது. நீல அட்டை, மேலே பேர், கீழே கட்டம் கட்டமாக எடை, சூடு, அடுத்து வர வேண்டிய தேதி. அடுத்து வர வேண்டிய தேதி என்ற வரியைப் படிக்கும்போது உள்ளே ஏதோ ஒன்று சமாதானமாகிறது. வேறெங்கும் அவளுக்கு அடுத்த தேதி என்று ஒன்று இல்லை. எங்கள் ஆபீஸில்தான் அவள் பேரை முதலில் எடுத்தார்கள். வீட்டு மின் இணைப்பு அவள் பேரில் இருந்தது. முப்பது வருஷம் வேலை பார்த்த இடம், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, சாருக்கு உடனே முடிச்சுக் கொடுப்பா என்று சொல்லி, டீ ஆறுவதற்குள் பேரை மாற்றிவிட்டார்கள். அவ்வளவு மரியாதையாக. ரேஷன் கார்டில் எடுத்தாயிற்று. வங்கியில் எடுத்தாயிற்று, காஸ் கனெக்‌ஷனில் எடுத்தாயிற்று, வாக்காளர் பட்டியலில் அவர்களே எடுத்துவிட்டார்கள். எங்கேயும் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சான்றிதழ் நகலை நீட்டினால் போதும், வாங்கிப் படித்து, என் முகத்தைப் பார்க்காமல் வேலையைச் செய்தார்கள். காகிதம் எனக்காகப் பேசியது. அவள் போனாள் என்று நான் வாயைத் திறந்து யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெருவில் தெரியும், உறவில் புகழேந்தி சொன்னான். நான் சொன்னதாக ஞாபகமில்லை. இங்கே மட்டும் யாரும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை. அதனால் இங்கே இருக்கிறாள். வாரம் இரண்டு தடவை போனில் செய்தி வருகிறது. வணக்கம் தணிகாசலம், உங்கள் வேதவல்லிக்கு நாளை காலை பத்தரை மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம், அவளை அன்போடு எதிர்பார்க்கிறோம். ஒரு செய்தியைக்கூட அழிக்கவில்லை. வரிசையாக வைத்திருக்கிறேன். முதல் நாள் பதிவில் இன்னொரு நம்பர் கேட்டார்கள் என்று புகழேந்தி நம்பரைக் கொடுத்து வைத்தது நினைவில்லை. ஒரு நாள் புனேவிலிருந்து கூப்பிட்டான். "நைனா, அம்மா பேர்ல ஒரு மெசேஜ் வந்துது." "என்னன்னு?" "நாளைக்கு வரச்சொல்லி. அன்போட எதிர்பார்க்கிறோம்னு." நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பழைய ஆஸ்பத்திரிலேர்ந்து அனுப்பியிருப்பான். கம்ப்யூட்டர்தானே, அதுக்கென்ன தெரியும்." அவன் வேறு பேச்சுக்கு வந்தான். "கண்ணு ஆபரேஷனுக்கு அனுப்பின பணம் இருக்குல்ல நைனா? தேதி வாங்குனீங்களா?" "வாங்கணும்." "பூனைக்கு செலவு பண்ணிட்டு இருக்கீங்களா?" "கொஞ்சம்." "கொஞ்சம்னா?" "நாகப்பன் வாங்கறதைவிடக் கொஞ்சம் அதிகம்." அவன் சிரித்தான், இல்லை பெருமூச்சு விட்டான். அந்தச் செய்தியை அழித்துவிட்டாயா என்று அவனைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அழித்துவிட்டேன் என்று சொன்னாலும் கஷ்டம், வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் கஷ்டம்.

கண் பணம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இடது கண்ணில் புரை முற்றி வருகிறது. இங்கே உட்கார்ந்து பார்த்தால் அந்த வாசல் கண்ணாடிக் கதவு வெறும் வெளிச்சமாகத் தெரிகிறது, யாராவது வந்தால் முதலில் நிறம்தான் வரும், பிறகு உருவம், கடைசியில்தான் முகம். கதவில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கிறார்கள், திறந்தால் கிணிங் என்கிறது. கத்தரிப்பூ நிறத்தில் ஏதாவது வந்தால் அது வேதவல்லியின் சேலை. முகம் வந்து சேர்வதற்குள் இருக்கிற அந்த இடைவெளி, அது ஒன்றும் பெரிய நேரமில்லை, ஆனால் அதற்குள் அவள் வந்து, செருப்பை ஓரமாக விட்டு, ஏங்க, டீச்சர் எப்படி இருக்காங்க என்று கேட்டுவிடுகிறாள். பிறகு அது யாரோ ஒரு பெண்ணாகிவிடுகிறது, கையில் நாய்ச்சங்கிலியோடு. ஆபரேஷன் செய்துவிட்டால் கதவு தெளிவாகத் தெரியும். வருகிறவர்கள் வந்த உடனே அவர்களாகவே இருப்பார்கள். இதற்காகத்தான் தள்ளிப்போடுகிறேன் என்று சொன்னால் புகழேந்தி ரயில் ஏறி வந்துவிடுவான். இப்போது அதைவிட வேறொன்று பயமாக இருக்கிறது. தூங்க வைத்துவிட்டால் கார்டில் என்ன எழுதுவார்கள். ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும். வேதவல்லி, பெண், இன்ன தேதி. கீழே டாக்டர் கையெழுத்து. அதற்கு நான் சம்மதித்ததாக என் கையெழுத்தும். அப்புறம் செய்தி வராது. அதனால் டிரிப்ஸ் என்கிறேன் ஒவ்வொரு தடவையும். பூனையின் பிடரித் தோலை இழுத்துக் கூடாரம் போலத் தூக்கி, ஊசியைச் செருகுவார்கள். நான் காலைப் பிடித்துக்கொள்வேன். முன்பெல்லாம் சீறியது. இப்போது சீறுவதில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டு நடுங்குகிறது. வீட்டுக்குப் போனதும் நேராக அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மூன்று நாளாகத் தண்ணீர் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறது, குடிப்பதில்லை. முதுகை மட்டும் நிமிர்த்தித்தான் உட்காருகிறது, அந்தப் பழக்கம் போகவில்லை. கணக்குத் தப்பாகப் போட்டவனைப் பார்ப்பது போல என்னையும் பார்த்தது. நான் எழுந்து வேறு அறைக்குப் போனேன். ஆனால் இங்கே பேரைக் கூப்பிட்டால் மட்டும் அதற்கு எங்கிருந்தோ உயிர் வருகிறது. காது இரண்டும் நிமிரும், தலையைத் தூக்கும். டாக்டரே ஒருமுறை ஆச்சரியப்பட்டார். "பாருங்க அங்கிள், இவ்ளோ முடியாத நேரத்திலயும் பேரைச் சொன்னா எப்படி நிமிருது." எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அது அந்தப் பேரை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். பேரும் இருக்கிறது, அதைக் கேட்டு நிமிர ஒரு உயிரும் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓடினால் என்ன. இன்றைக்கும் டிரிப்ஸ்தான். பணம் இருக்கிறவரை டிரிப்ஸ். பணம் தீர்ந்தால் அப்போது யோசிக்கலாம்.

முயல்காரர் வெளியே வருகிறார். முயல் அவர் சட்டைக்குள்ளிருந்து காதை நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "வேதவல்லி! வேதவல்லி வாங்க." பக்கத்துப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு என்னை. "உங்களையா அங்கிள்? பேரு இல்லன்னீங்க?" நான் கூடையின் மூடியைத் திறந்தேன். பூனை நிமிர்ந்துவிட்டது. முன்னங்கால் இரண்டையும் கூடை விளிம்பில் வைத்து, எழுந்தே நின்றுவிட்டது, எலும்பெல்லாம் தோலுக்கடியில் நகருவது தெரிந்தது. காது இரண்டும் முன்னால். நான் அதன் தலையைத் தடவப் போனேன். "என்ன அங்கிள் அப்படிப் பாக்குது?" என்றாள் அவள். "யாரு வரப்போறா? வாசல்லயே கண்ணா இருக்கே." வாசலில். நான் கையை எடுத்துக்கொண்டேன். பூனை டாக்டர் அறைப் பக்கம் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்ட குரல் இந்தப் பக்கமிருந்து வந்தது, அது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. போன தடவையும் அப்படித்தான். அதற்கு முன்னாலும். ஒவ்வொரு தடவையும் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று இப்போது கண்முன்னால் வருகிறது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்த்தும் என்ன பார்த்தேன். வீட்டில் பதினோரு வருஷம் அந்தப் பேரை நான் கத்தினால் ஒருத்தி வருவாள். சமையலறையிலிருந்து, மாடியிலிருந்து, எங்கிருந்தாவது வருவாள். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் அவள் வருவாள். அதைக் கூடையில் போட்டு மூடி, பஸ் ஏற்றிக் கொண்டுவந்து, ஊசி குத்துகிற இடத்தில் வைத்து, வாரம் இரண்டு தடவை அவள் வரப்போகிறாள் என்று சொல்ல வைத்திருக்கிறேன். அது எழுந்து நின்று பார்த்திருக்கிறது. யாரும் வரவில்லை. மேஜைக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். கதவு மணி கிணிங் என்றது. ஒரு ஆள், ஹெல்மெட்டோடு, ஏதோ பார்சல். பூனை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு காலை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்து, துண்டின் மேல் உட்கார்ந்து, மோவாயைக் கீழே வைத்தது.

"வேதவல்லி இல்லையா?" மறுபடி குரல். பூனையின் காது மறுபடி அசைந்தது. நான் அவசரமாக மூடியைப் போட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன், காதைப் பொத்துவது போல. எழுந்து டாக்டர் அறைக்குப் போகாமல் கவுண்ட்டருக்குப் போனேன். "பெனிட்டா, அந்தப் பேரைக் கூப்பிட வேணாம்னு உள்ள சொல்லும்மா." "என்னாச்சு சார்? உங்க டர்ன்தான்." "வரேன். இன்னிக்குத் தூங்க வச்சிடலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடு." சொல்லிவிட்டேன். டிரிப்ஸ் என்பதைவிட அதுவும் ஒன்றும் கஷ்டமாக வரவில்லை. அவள் முகம் சின்னதாகிவிட்டது. "சரி சார்" என்றாள். "ஆனா அந்தப் பேர்ல வேணாம். அது பூனை பேரு இல்ல. நான் தப்பாக் கொடுத்துட்டேன்." அவள் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். "பேரு மாத்தறதுன்னா இதுல வராது சார். பழைய கார்டை முடிச்சிட்டுப் புதுசாதான் போடணும். புதுசுன்னா பதிவுப் பணம் மறுபடி கட்டணும். இன்னைக்கு ஒரு நாளைக்காக எதுக்கு சார்?" "கட்டிடறேன்." பர்ஸை எடுத்தேன். அவள் தயங்கித் தயங்கித் தட்டினாள். "முடிக்கறதுக்குக் காரணம் கேக்குது. வேற டாக்டர்கிட்ட போறாங்க, ஊர் மாறிட்டாங்க, இறந்தாச்சு. எதைப் போடறது?" ஊர் மாறிட்டாங்க என்பது நல்ல வார்த்தையாகப் பட்டது. ஒரு நிமிஷம் அதிலேயே நின்றேன். எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். "சர்டிபிகேட் நகல் கொண்டு வரலையே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "அதெல்லாம் எதுக்கு சார், நீங்க சொன்னாப் போதும்." நான் சொன்னாப் போதும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஜில்லு சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது. "இறந்துட்டா" என்றேன். குரல் என்னுடையது போலத்தான் இருந்தது. "சித்திரையில." பெனிட்டாவின் விரல் பாதியில் நின்றது. அவள் கூடையைப் பார்க்கவில்லை இந்தத் தடவை. ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், ஒரு விசையைத் தட்டினாள். அவ்வளவுதான். எந்தச் சத்தமும் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். "புதுக் கார்டுக்கு என்ன பேரு சார்?"

அதைச் சொல்வதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. "டீச்சர்." "டீச்சரா?" "ஆமா. டீச்சர்." பக்கத்து நாற்காலிப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஜில்லு, ஒழுங்கா உக்காரு, டீச்சர் இருக்காங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அட்டையில் மை காயவில்லை, பெனிட்டா ஊதிக் கொடுத்தாள். எடைக் கட்டம் காலி, சூடு காலி, அடுத்து வர வேண்டிய தேதிக்கு நேரே ஒரு கோடு இழுத்திருந்தாள். உள்ளேயிருந்து டாக்டர் ஷர்மிளாவே கதவருகில் வந்து, புது அட்டையை வாங்கிப் பார்த்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக இல்லாமல், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "டீச்சர்." மூடியைத் திறந்தேன். பூனை அசையவில்லை. அந்தப் பேரை அது வேறொரு குரலில்தான் கேட்டிருக்கிறது. நான் குனிந்தேன், அந்த வாடை முகத்தில் அடித்தது, குனிந்தே இருந்தேன். "டீச்சர், வாங்க" என்றேன். கறுப்பு வளையத்துக்குள்ளிருந்து இரண்டு கண்ணும் திறந்தன. அது என்னைப் பார்த்தது, இந்தத் தடவை முறைக்கவில்லை, சும்மா பார்த்தது. ஒரு கையைக் கூடைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டேன். உள்ளே மேஜையின் மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் வாசல் கதவு திறந்து மணி அடித்தது. யாரோ செருப்பை ஓரமாக விடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.